லேப்ரடாருக்கு ஒவ்வாமை அரிப்பு: மருந்து பலிக்கிறதா என்று வீட்டில் எப்படிக் கணிப்பது?

செவ்வந்தி வீடு (சென்னை)
திங்கள், இரவு 9.10

எங்கள் வீட்டில் நான்கு வயதுப் பெண் லேப்ரடார் இருக்கிறாள். வெளிர்மஞ்சள் நிறம், பெயர் செவ்வந்தி. இரண்டு வயது முடிந்ததிலிருந்தே அரிப்பு. முன்னங்கால் பாதங்களை நக்கி நக்கி விரலிடுக்கு முடியெல்லாம் துரு நிறமாகிவிட்டது. அக்குள், அடிவயிறு, காது மடலின் உள்பக்கம் எல்லாம் சிவந்துபோகும். தோலைச் சுரண்டிப் பரிசோதித்ததில் சொறிப்பூச்சி இல்லை. சுற்றுப்புறப் பொருள்களால் வரும் ஒவ்வாமை என்று டாக்டர் முடிவு செய்து ஒக்லாசிட்டினிப் மாத்திரை எழுதிக் கொடுத்தார். முதல் 14 நாள் இரண்டு வேளை, அதன் பிறகு ஒரு வேளை.

ஒவ்வொரு முறை போகும்போதும் "இப்போது எப்படி இருக்கிறது?" என்று அவர் கேட்கிறார். நான் "குறைந்திருக்கிறது" என்கிறேன். அம்மா "எங்கே குறைந்தது, விடிய விடிய நக்குகிறாள்" என்கிறார். தம்பியோ போன மாதத்தைவிட மோசம் என்கிறான். எங்கள் பதிலை வைத்துத்தான் மாத்திரையைத் தொடர்வதா, மாற்றுவதா என்று அவர் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. விலை அதிகமான மருந்து, ஆண்டுக்கணக்கில் கொடுக்க நேரலாம் என்றும் சொல்கிறார்கள். ஒவ்வாமை நாய் வைத்திருப்பவர்கள் இதை எப்படிக் கணக்கு வைக்கிறீர்கள்? இரத்தப் பரிசோதனை வேண்டுமா, எப்போது?


வைகைக்கரை (மதுரை)
திங்கள், இரவு 10.02

பழைய கைப்பேசி ஒன்று இருந்தால் இரவில் நாய் படுக்கும் இடத்தைப் பார்த்தபடி வைத்துப் படம் பிடியுங்கள். எங்கள் பக் நாய் பகலில் அமைதியாக இருப்பான். விளக்கணைத்த பிறகு ஒரு மணி நேரம் பாதத்தை விடாமல் கடிப்பான் என்பது படம் பார்த்த பிறகுதான் தெரிந்தது. உங்கள் அம்மா சொல்வதும் நீங்கள் சொல்வதும் இரண்டுமே உண்மையாக இருக்கலாம். யார் எந்த நேரத்தில் பார்க்கிறார்கள் என்பதில்தான் வேறுபாடு.


கால்நடை மருத்துவர் (கோவை)
செவ்வாய், காலை 6.45

அருமையான கேள்வி. என் அனுபவத்தில் ஒவ்வாமை நாய்களின் சிகிச்சை தடம் மாறுவது பெரும்பாலும் மருந்துத் தேர்வில் அல்ல, நீங்கள் சொல்லும் அந்த "எப்படி இருக்கிறது?" என்ற இடத்தில்தான்.

தோல் நோய் மருத்துவர்கள் இதற்கென்றே ஓர் அளவுகோல் வைத்திருக்கிறார்கள். 10 சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு கோடு. ஒரு முனை 0, மறுமுனை 10. நாயின் உரிமையாளர் அரிப்பின் கடுமையை அந்தக் கோட்டில் குறிக்க வேண்டும். வெறும் கோடு மட்டும் கொடுத்தால் ஆளுக்கொரு விதமாகக் குறிப்பார்கள் என்பதால், நாயின் நடத்தையை வைத்து ஒவ்வொரு நிலைக்கும் விளக்கம் உண்டு. 0 என்றால் இயல்பான நாய், அரிப்பு ஒரு தொல்லையே அல்ல. 2 என்றால் எப்போதாவது சொறியும், நோய் வருவதற்கு முன் இருந்ததைவிடச் சற்றே அதிகம். 4 என்றால் அடிக்கடி சொறியும், ஆனால் தூங்கும்போதும் சாப்பிடும்போதும் விளையாடும்போதும் சொறியாது. 6 என்றால் இரவில் எழுந்தும் சொறியலாம், ஆனால் சாப்பாடோ விளையாட்டோ வந்தால் நிறுத்திவிடும். 8 என்றால் சாப்பிடும்போதும் விளையாடும்போதும்கூட நிறுத்திச் சொறியும். 10 என்றால் ஏறக்குறைய இடைவெளியே இல்லை. என் மேசைமீது ஏற்றிய பிறகும் கையால் பிடித்து நிறுத்த வேண்டியிருக்கும். தோல் நோய் இல்லாத நாய்களில் பெரும்பாலானவை 2-க்குக் கீழேதான் வரும். ஆகவே உங்கள் இலக்கு 0 அல்ல, 2-க்கு அருகில். எல்லா நாயும் எப்போதாவது சொறியும்.

சொறிவது என்றால் பின்னங்காலால் பறிப்பது மட்டும் அல்ல. நக்குவது, கடிப்பது, முகத்தைச் சோபாவில் தேய்ப்பது, பின்புறத்தைத் தரையில் இழுப்பது, தலையை உதறுவது எல்லாமே கணக்கில் சேரும். செவ்வந்திக்குப் பாதம்தான் முதன்மை என்றால், "சொறிவதை நான் பார்க்கவில்லை" என்ற பதில் எதையும் சொல்லாது.

வீட்டில் ஒருவர் மட்டும் மதிப்பெண் போடட்டும். இரவில் நாயோடு இருப்பவர் போடுவது நல்லது. உங்கள் வீட்டில் அது அம்மாவாகத் தெரிகிறது. வாரம் ஒரு முறை, ஒரே கிழமை. மருந்து புதிதாகத் தொடங்கும்போதோ மாற்றும்போதோ மட்டும் தினமும். போன வாரம் போட்ட எண்ணைப் பார்க்காமல் போட வேண்டும், அதைப் பார்த்தால் கை தானாக ஒன்று குறைத்துப் போடும். மருந்துக்குச் செலவு செய்திருக்கிறோம் என்ற நினைப்பே நம் கண்ணுக்கு அரிப்பைக் குறைத்துக் காட்டும். மருந்தாய்வுகளில் வெற்று மாத்திரை கொடுத்த நாய்களின் உரிமையாளர்களில் ஒரு பகுதியினர் குறைந்துவிட்டது என்று சொல்வது வழக்கம்.


வைகைக்கரை
செவ்வாய், காலை 8.20

தோலைப் பற்றியும் சொல்லுங்கள் டாக்டர். அரிப்பு குறைந்தாலும் எங்கள் பையனுக்குத் தோல் தடித்துக் கறுத்தே இருந்தது.


கால்நடை மருத்துவர் (கோவை)
செவ்வாய், மாலை 7.30

அரிப்பும் தோலும் ஒரே வேகத்தில் மாறுவதில்லை. நல்ல மருந்து என்றால் அரிப்பு சில நாளில் இறங்கிவிடும். தடித்த தோல் மெலிய வாரங்கள், சில வேளை மாதங்கள் ஆகும். ஆகவே இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

தோலுக்கு நாங்கள் பயன்படுத்தும் முறையின் நான்காம் பதிப்பு 2014-இல் வந்தது. உடலில் 20 இடங்கள். ஒவ்வோர் இடத்திலும் சிவப்பு, தடிப்பு, முடி உதிர்வோடு கீறல் என்ற மூன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். மொத்தம் 180. அதில் 10-ஐ எட்டினால் இலேசான நோய், 35-ஐ எட்டினால் நடுத்தரம், 60-ஐ எட்டினால் கடுமை. இதை வீட்டில் செய்ய வேண்டியதில்லை. வீட்டில் புகைப்படம் போதும். அதே இடம், அதே நேரத்து வெளிச்சம், அதே தொலைவு: இரண்டு முன்பாதங்களின் அடிப்பகுதி விரலை விரித்து, இரண்டு அக்குள், அடிவயிறு, இரண்டு காது மடலின் உள்பக்கம். மாதம் ஒரு முறை எடுத்தால் போதும். இரவில் குழல்விளக்கில் எடுத்த படத்தையும் காலை வெயிலில் எடுத்த படத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டாம், சிவப்பு ஏமாற்றிவிடும்.

கறுப்பு லேப்ரடார் வைத்திருப்பவர்கள் இந்த இழையைப் படித்தால் ஒரு சொல்: உங்கள் நாயில் சிவப்பு எளிதில் தெரியாது. விரலால் தொட்டுப் பாருங்கள். சூடு, எண்ணெய்ப் பிசுபிசுப்பு, யானைத்தோல் போன்ற தடிப்பு ஆகியவற்றைக் கை கண்டுபிடிக்கும்.


செவ்வந்தி வீடு
ஞாயிறு, காலை 11.15

எல்லோருக்கும் நன்றி. அம்மாதான் எண் போடுகிறார். சிகிச்சை தொடங்குவதற்கு முன் எப்படி இருந்தாள் என்று விளக்கத்தைப் படித்துக் கேட்டபோது 7 அல்லது 8 என்றார். இரண்டு வேளை மாத்திரை கொடுத்த காலத்தில் 3. இப்போது ஒரு வேளையில் 5, 6 என்று ஏறி நிற்கிறது. பக்கத்து வீட்டில் இதே மாத்திரையை இரண்டு வேளையாகவே கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள், எங்களையும் அப்படியே கொடுக்கச் சொல்கிறார்கள். கொடுக்கலாமா?


கால்நடை மருத்துவர் (கோவை)
ஞாயிறு, இரவு 8.40

கொடுக்க வேண்டாம், அம்மா. இரண்டு வேளை என்பது அதிகபட்சம் 14 நாளுக்கு என்று மருந்தின் அதிகாரபூர்வக் குறிப்பிலேயே இருக்கிறது. அது நோய் எதிர்ப்பு மண்டலத்தின் சில சமிக்ஞைகளை அடைக்கும் மருந்து. அரிப்பைத் தூண்டும் இண்டர்லூக்கின் 31 என்ற புரதத்தின் செய்தி நரம்பைச் சென்றடையாமல் தடுக்கிறது. அளவு கூடினால் கிருமிகளோடு போராடும் சமிக்ஞைகளும் அடைபடத் தொடங்கும். நீடித்துக் கூடுதலாகக் கொடுப்பதா என்பதை நாயைப் பார்க்கும் மருத்துவர் மட்டுமே முடிவு செய்ய வேண்டும், அதுவும் பரிசோதனைகளோடு.

இரண்டு வேளையிலிருந்து ஒரு வேளைக்கு மாறும்போது பல நாய்களில் அரிப்பு சற்று ஏறுவது தெரிந்த விஷயம். பெரும்பாலும் கொஞ்ச நாளில் தணிந்துவிடும். 3-லிருந்து 6 வரை ஏறி அங்கேயே நின்றால் நான் மருந்தைக் குறை சொல்வதற்கு முன் வேறு மூன்றைத் தேடுவேன்.

முதலில் கிருமி. ஒவ்வாமைத் தோலில் மலசீசியா என்ற ஈஸ்ட்டும் ஸ்டாஃபிலோகாக்கஸ் பாக்டீரியாவும் எளிதாகப் பெருகும். இரண்டுமே தம் பங்குக்கு அரிக்கவைக்கும். ஒவ்வாமை மாத்திரை இவற்றைக் கொல்லாது. பாதத்தை முகர்ந்து பாருங்கள். புளித்த வாடை, விரலிடுக்கில் பழுப்பு மெழுகு என்றால் ஈஸ்ட்டாக இருக்கலாம். வயிற்றில் சிறு சீழ்ப்பருக்கள், அவை உடைந்தபின் ஓரம் உரிந்த வட்டச் செதில்கள் என்றால் பாக்டீரியா. ஆனால் மூக்கும் கண்ணும் போதாது. ஒளிபுகும் ஒட்டு நாடாவைத் தோலில் ஒட்டி எடுத்து, சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தால் சில நிமிடத்தில் தெரிந்துவிடும். இந்தத் துறையில் இவ்வளவு மலிவாக இவ்வளவு செய்தி சொல்லும் பரிசோதனை வேறு இல்லை. அடுத்த முறை போகும்போது கேட்டு வாங்குங்கள்.

இரண்டாவது, தெள்ளுப்பூச்சி, உண்ணி மருந்தின் நாள் தவறியிருக்கிறதா? அஃபாக்சோலனர் மாதம் ஒரு முறை, ஃப்ளூரலனர் மாத்திரை பொதுவாக 12 வாரத்துக்கு ஒரு முறை. "தவறாமல் கொடுக்கிறோம்" என்பவர்களிடம் தேதி கேட்டால் பாதிப் பேருக்குச் சொல்லத் தெரிவதில்லை. அதே நாட்குறிப்பில் தேதியைப் போடுங்கள். தெள்ளு ஒவ்வாமை என்றால் முதுகின் பின்பகுதியும் வாலடியும்தான் முதலில் பாதிக்கப்படும். அம்மாவின் குறிப்பில் எந்த இடம் என்பதும் இருந்தால் இது எளிதில் பிடிபடும். வலிப்பு வந்த வரலாறு உள்ள நாய் என்றால் இந்த வகை மாத்திரைகளைப் பற்றி மருத்துவரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும்.

மூன்றாவது, உணவிலோ வீட்டிலோ ஏதாவது மாறியதா என்று யோசியுங்கள். புதுத் தின்பண்டம், வீடு மாற்றம், ஐப்பசி மழையின் ஈரம். தூசிப்பூச்சிதான் நாய்களில் மிகப் பரவலான ஒவ்வாமைக் காரணங்களில் ஒன்று, ஈரக்காற்றில் அது செழிக்கும்.


ஈரோட்டுக்காரன்
திங்கள், மதியம் 1.05

மாத்திரை, அளவுகோல் எல்லாம் சரி. எங்கள் பகுதியில் நடப்பதைச் சொல்கிறேன். அரிக்கிறது என்று கொண்டுபோனால் ஓர் ஊசி. ஒரு மாதம் நாய் அமைதியாக இருக்கும். திரும்ப அரிக்கும், திரும்ப ஊசி. என் பெரியப்பா வீட்டு நாய்க்கு ஓர் ஆண்டுக்கு மேல் இப்படியே போயிற்று. பானை பானையாகத் தண்ணீர் குடித்தது, வயிறு தொங்கியது, முதுகில் முடி போயிற்று, தோல் காகிதம் போல மெலிந்தது. சீட்டில் ஊசியின் பெயர்கூட இல்லை, "அலர்ஜி ஊசி" என்று மட்டும் இருந்தது. ஸ்டீராய்டு விஷம். அதை நாய்க்குப் போடவே கூடாது.


கால்நடை மருத்துவர் (கோவை)
திங்கள், இரவு 9.55

உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது, தம்பி. அந்த நாய்க்கு நேர்ந்தது நேரக்கூடாதது. நீங்கள் சொல்லும் அறிகுறிகள் எல்லாம் ஸ்டீராய்டு மிகையான நாயின் தோற்றம்தான். ஆனால் முடிவோடு நான் ஒத்துப்போகவில்லை. பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை மலிவானது, வேகமாக வேலை செய்வது, எல்லா ஊரிலும் கிடைப்பது. கடுமையாகத் தவிக்கும் நாய்க்குக் குறுகிய காலம் கொடுத்து, ஒரு நாள் விட்டு ஒரு நாளாகக் குறைத்து, தேவைப்படும் மிகக் குறைந்த அளவில் வைத்திருப்பது நல்ல மருத்துவம். கண்காணிப்பு இல்லாத ஸ்டீராய்டுதான் தீங்கு.

நீங்கள் சொன்னது அநேகமாக நீண்ட நாள் நிற்கும் ஊசி. மீத்தைல்பிரெட்னிசோலோன் அசிட்டேட், ட்ரையாம்சினலோன் போன்றவை. போட்ட பிறகு எடுக்க முடியாது. மாத்திரை என்றால் நாய் தண்ணீர் அதிகம் குடிக்கும் அன்றே அளவைப் பற்றிப் பேசலாம். ஊசி வாரக்கணக்கில் உள்ளேயே இருக்கும். ஆகவே எல்லோரும் ஒன்று செய்யுங்கள்: எந்த ஊசி போட்டாலும் அதன் பெயரையும் அளவையும் எழுதித் தரச் சொல்லுங்கள். அதைக் கேட்பது உங்கள் உரிமை. அடுத்து பார்க்கும் மருத்துவருக்கு அது தெரியாமல் எந்த மருந்தும் பாதுகாப்பாகக் கொடுக்க முடியாது. மூட்டு வலிக்கு மெலாக்சிகாம் எழுதுவார், இரண்டும் சேர்ந்தால் வயிற்றிலும் குடலிலும் புண் வரலாம்.

ஸ்டீராய்டு எடுக்கும் நாய் வீட்டில் இருந்தால் தண்ணீரை அளந்து வையுங்கள். காலையில் அளந்து ஊற்றி மறுநாள் காலை மீதியை அளக்க வேண்டும். ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 100 மில்லிக்கு மேல் போனால் அது மிகை. 30 கிலோ நாய்க்கு 3 லிட்டர். எடையையும் மாதம் ஒரு முறை பாருங்கள், பசி கூடிக் கொழுத்துவிடும். நீண்ட நாள் கொடுத்தால் சிறுநீரில் தொற்று வரலாம், அது வெளியே எந்த அறிகுறியும் காட்டாமல் இருப்பதுண்டு. அதனால் சிறுநீரை நுண்ணுயிர் வளர்ப்புக்கே அனுப்பச் சொல்வோம். இரத்தத்தில் அல்கலைன் பாஸ்படேஸ் என்ற நொதி ஏறியிருக்கும், அது மட்டும் ஏறியதைப் பார்த்து ஈரல் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். நீண்ட நாள் கொடுத்ததைத் திடீரென்று மட்டும் நிறுத்தாதீர்கள்.


ஈரோட்டுக்காரன்
திங்கள், இரவு 11.20

விஷம் என்ற சொல்லை விட்டுவிடுகிறேன். ஆனால் பெயர் எழுதாத ஊசியை இனி எங்கள் வீட்டில் யாரும் ஏற்கப் போவதில்லை. அதை ஊரில் எல்லோரிடமும் சொல்லப் போகிறேன்.


தாமிரபரணி (திருநெல்வேலி)
செவ்வாய், காலை 9.30

வணக்கம். என்னிடம் இருப்பது தெருவிலிருந்து எடுத்து வளர்த்த நாட்டு நாய். ஒக்லாசிட்டினிப் விலை எனக்குக் கட்டாது. மாதாமாதம் பரிசோதனையும் முடியாது. என்னைப் போன்றவர்கள் குறைந்தபட்சம் எதைப் பார்க்க வேண்டும்?


கால்நடை மருத்துவர் (கோவை)
செவ்வாய், பிற்பகல் 2.10

நாட்டு நாய் என்றதும் ஒவ்வாமைக்கு முன் நான் தேடுவது சொறிப்பூச்சி. காது மடலின் ஓரத்தை விரலால் தேய்க்கும்போது பின்னங்கால் தானாகச் சொறிய எழுகிறதா? முழங்கை, காது ஓரம் எல்லாம் பொருக்குத் தட்டியிருக்கிறதா? வீட்டில் யாருக்காவது வயிற்றிலோ கையிலோ அரிப்புப் புள்ளிகள் வந்ததா? அப்படியானால் ஒவ்வாமை மருந்தைத் தொடங்குவதே தவறு. சுரண்டிப் பார்த்துப் பூச்சி தென்படாவிட்டாலும் சொறிநோய் இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது. நுண்ணோக்கிக்கு அது அடிக்கடி தப்பிவிடும். அதனால் உண்ணிக்குக் கொடுக்கும் ஐசாக்சசோலின் வகை மாத்திரையைக் கொடுத்து அரிப்பு எண் விழுகிறதா என்று பார்ப்பதும் ஒரு பரிசோதனைதான்.

உண்மையிலேயே ஒவ்வாமை என்றால், காசில்லாமல் செய்யக்கூடியது நாட்குறிப்பு. அரிப்பு எண், எந்த இடம், கொடுத்த மருந்து, குளிப்பாட்டிய நாள். அடுத்தது குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி கலந்த ஷாம்பூவும் பூச்சி மருந்தும். இவற்றைச் சரியாகச் செய்தால் பல நாய்களுக்கு மாத்திரையின் தேவை குறையும். பிரெட்னிசோலோன் எழுதினால் தண்ணீரை அளவிடுங்கள், அதற்கு ஒரு சொம்பு போதும். திருநெல்வேலியிலேயே கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, நுண்ணோக்கிப் பரிசோதனைக்கு அங்கே போகலாம். சென்னைக்காரர்களுக்கு வேப்பேரிக் கல்லூரி.


மலைக்கோட்டை அம்மா (திருச்சி)
செவ்வாய், மாலை 6.40

உணவுப் பத்தியத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. எங்கள் கோல்டன் ரெட்ரீவருக்கு ஆண்டு முழுவதும் அரிப்பு, கூடவே மலம் இளகிப் போகும். எட்டு வாரம் பத்தியம் வைத்தோம். ஒரே மாமிசம், அவன் அதுவரை தின்றிராதது. எங்களுக்கு முயல் இறைச்சி கிடைத்தது. கோழியும் பாலும் தயிர் சோறும் எல்லா வீட்டிலும் கொடுப்பதுதான், ஆகவே அவற்றை வைத்துப் பத்தியம் இருக்க முடியாது. வெங்காயம், பூண்டு சேர்க்கவே கூடாது என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.

கடினமானது சமையல் அல்ல, வீட்டில் உள்ளவர்களைக் கட்டுப்படுத்துவது. பால் பிஸ்கட், மோர்ச்சட்டியின் மிச்சம், வாசலில் காக்கைக்கு வைத்த சோறு எல்லாம் தேடித் தின்பான். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு தாள் ஒட்டி, யார் எதைக் கொடுத்தாலும் கேள்வி கேட்காமல் எழுதிவிட வேண்டும் என்று சொல்லிவிட்டேன். திட்டு விழாது என்று தெரிந்தபோதுதான் எல்லோரும் உண்மையை எழுதினார்கள். அந்தத் தாள் இல்லாவிட்டால் எங்கள் பத்தியத்துக்கு அர்த்தமே இருந்திருக்காது.

எட்டு வாரம் கழித்துப் பழைய உணவைத் திரும்பக் கொடுத்தோம். ஒரு வாரத்துக்குள் காது சிவந்தது, எண் 2-லிருந்து 6. திரும்பப் பத்தியம், திரும்ப இறங்கியது. அதன் பிறகுதான் டாக்டர் உணவு ஒவ்வாமை என்று எழுதினார்.


கால்நடை மருத்துவர் (கோவை)
செவ்வாய், இரவு 10.15

அந்தத் தாளுக்காகவே உங்களுக்கு ஒரு வணக்கம், அம்மா. பத்தியத்தின் முடிவை உறுதி செய்வது, பழைய உணவைத் திரும்பக் கொடுத்துப் பார்ப்பதுதான். நன்றாகிவிட்டதே என்று பெரும்பாலோர் அந்தப் படியைத் தாண்டிவிடுகிறார்கள். நன்றானது பத்தியத்தாலா, மழை நின்றதாலா, அதே மாதம் கொடுத்த ஆன்டிபயாட்டிக்காலா என்று அதன் பிறகு சொல்ல வழியில்லை. உணவு ஒவ்வாமை உள்ள நாய்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் எட்டு வாரத்துக்குள் முன்னேற்றம் காட்டும். திரும்பக் கொடுத்தால் பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் அரிப்பு வந்துவிடும்.

இரண்டு எச்சரிக்கைகள். சுவையூட்டிய உண்ணி மாத்திரை, குடற்புழு மாத்திரை, மருந்தை மறைத்துக் கொடுக்கும் தின்பண்டம் இவற்றில் மாட்டு, கோழிப் புரதம் இருக்கலாம். பத்தியக் காலத்தில் சுவையற்றதோ முதுகில் விடும் மருந்தோ கேளுங்கள். மற்றது, அரிப்பு மாத்திரை ஓடிக்கொண்டிருக்கும்போது பத்தியம் பலிக்கிறதா என்று தெரியாது. முதல் சில வாரம் நாயின் தவிப்புக்காகக் கொடுத்தாலும் பத்தியம் முடிவதற்கு முன் மாத்திரையை நிறுத்தி, எண் ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். செவ்வந்திக்கு ஆண்டு முழுவதும் அரிப்பு என்றால் இதையும் உங்கள் டாக்டரிடம் பேசுங்கள். சுற்றுப்புற ஒவ்வாமையும் உணவு ஒவ்வாமையும் வெளியே ஒரே மாதிரி தெரியும். பாதத்தைப் பார்த்து இரண்டையும் பிரிக்க என்னால் முடியாது, யாராலும் முடியாது.


டொரண்டோ வாசகன்
புதன், காலை 7.00

இங்கே எங்கள் நாய்க்கு லோகிவெட்மேப் ஊசி போடுகிறோம். ஸ்டீராய்டு அல்ல, அந்த இண்டர்லூக்கின் 31-ஐ நேராகப் பிடித்துக்கொள்ளும் எதிர்ப்புரதம். நான்கு முதல் எட்டு வாரம் வரை நிற்கும் என்றார்கள். எங்கள் நாய்க்கு எத்தனை வாரம் என்பதை எண்தான் காட்டியது. ஆறாவது வாரம் வரை 2, அதன் பிறகு ஏறும். இப்போது ஐந்தாவது வாரத்தின் முடிவிலேயே போடுகிறார்கள், அவன் அரித்துத் தோலைப் புண்ணாக்கிக்கொள்ளும் இடைவெளியே இல்லை.


செவ்வந்தி வீடு
சனி, இரவு 8.25

டாக்டரிடம் போய் வந்தோம். ஒட்டு நாடா பரிசோதனை கேட்டோம், உடனே செய்தார். இரண்டு முன்பாதங்களிலும் ஈஸ்ட் நிறைய இருந்தது. வயிற்றில் பாக்டீரியா இல்லை. மாத்திரையின் அளவை மாற்றவில்லை. குளோர்ஹெக்சிடினும் மைக்கோனசோலும் கலந்த ஷாம்பூ, வாரம் இரண்டு முறை. மூன்று வாரம் கழித்து அதே பரிசோதனையை அதே இடத்தில் திரும்பச் செய்யலாம் என்றார். பத்தியத்தைப் பற்றிக் கேட்டபோது, ஈஸ்ட்டைச் சரிசெய்த பிறகு தொடங்கலாம், இரண்டையும் ஒன்றாகத் தொடங்கினால் எது உதவியது என்று தெரியாது என்றார்.

அம்மாவின் நாட்குறிப்பை அவர் வாங்கி நிதானமாகப் படித்தார். இரவு நக்குவது மட்டும் கூடியிருக்கிறது, பகலில் கூடவில்லை என்று அம்மா எழுதியிருந்ததைப் பார்த்துத்தான் பாதத்தை முதலில் பரிசோதித்தார். இரத்தப் பரிசோதனையும் எடுத்தார். பிளேட்லெட் எண்ணிக்கை சற்றுக் குறைவு. இது மாத்திரையாலா என்று எங்களுக்குக் கவலை.


கால்நடை மருத்துவர் (கோவை)
ஞாயிறு, காலை 7.15

உங்கள் டாக்டர் ஒவ்வொன்றாகச் செய்வது சரியான முறை. ஷாம்பூ பற்றி ஒரு குறிப்பு: நுரைத்த பிறகு பத்து நிமிடம் தோலில் நிற்க வேண்டும். கடிகாரத்தைப் பார்த்துச் செய்யுங்கள், மனக்கணக்கில் பத்து நிமிடம் என்பது இரண்டே நிமிடமாகப் போய்விடும். வெந்நீர் வேண்டாம். கழுவிய பின் விரலிடுக்கைத் துணியால் ஒற்றி உலர்த்துங்கள், சென்னை ஈரத்தில் அது தானாக உலராது. தோல் வறண்டு செதில் உதிர்ந்தால் அதையும் குறித்துச் சொல்லுங்கள்.

ஒக்லாசிட்டினிப் நீண்ட நாள் கொடுப்பவர்கள் தொடங்கும்போது இரத்த அணுக்கள், ஈரல், சிறுநீரகம், சிறுநீர் எல்லாவற்றையும் ஒரு முறை பார்த்து வைப்பது நல்லது. பிறகு முதல் மூன்று மாதத்துக்குள் ஒன்று, அதன் பின் ஆறு மாதத்துக்கோ ஆண்டுக்கோ ஒன்று. மருத்துவருக்கு மருத்துவர் இடைவெளி மாறும். நாயின் வயதும் மற்ற நோய்களும்தான் அதை முடிவு செய்யும். ஆய்வகம் காட்டாததைக் கை காட்டும்: மாதம் ஒரு முறை உடல் முழுவதும் தடவிப் புதுக் கட்டி, மரு இருக்கிறதா என்று பாருங்கள். வட்டமாக முடி உதிர்ந்தால் டெமோடெக்ஸ் பூச்சிக்காகத் திரும்பச் சுரண்டிப் பார்க்க வேண்டும், எதிர்ப்பாற்றல் குறைந்தால் அது தலைதூக்கும்.

பிளேட்லெட் விஷயத்தில் நம் ஊரில் நான் முதலில் மாத்திரையைச் சந்தேகிக்க மாட்டேன், உண்ணியைச் சந்தேகிப்பேன். எர்லிக்கியா என்ற கிருமியை நம் நாட்டுப் பழுப்பு நாயுண்ணி பரப்புகிறது. பிளேட்லெட் குறைவது அதன் வழக்கமான அடையாளம். காய்ச்சல், பசியின்மை, சோர்வு எதுவும் இல்லாமலேயே மாதக்கணக்கில் உடலில் தங்கும். தொற்று உள்ள நாய்க்கு எதிர்ப்பாற்றலைத் தணிக்கும் மருந்தைத் தொடர்வதா என்பது தனிக் கேள்வி. இரத்தப் பூச்சு ஒன்று, அதாவது ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடியில் பரப்பி நுண்ணோக்கியில் பார்க்கச் சொல்லுங்கள். பிளேட்லெட்கள் கட்டிக்கட்டியாக ஒட்டிக்கொண்டிருந்தால் இயந்திரம் குறைத்து எண்ணும், பூச்சில் அது உடனே தெரியும். உண்மையிலேயே குறைவு என்றால் எர்லிக்கியாவுக்கான பரிசோதனை. இதைத் தள்ளிப்போட வேண்டாம், நாளைக்கே பேசுங்கள்.


வைகைக்கரை
ஞாயிறு, காலை 10.50

ஒரு மாற்றுக் கருத்து. எண்ணும் நாட்குறிப்பும் தேவைதான். ஆனால் ஒரு கட்டத்தில் நான் நாயைப் பார்ப்பதை விட்டு எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு சொறியலுக்கும் நெஞ்சு பதைத்தது. நிம்மதியாகத் தூங்குகிறானா, பந்தைத் தூக்கிக்கொண்டு வருகிறானா, தொட்டால் விலகாமல் மடியில் படுக்கிறானா என்பதும் சிகிச்சையின் பலன் இல்லையா?


கால்நடை மருத்துவர் (கோவை)
ஞாயிறு, இரவு 9.05

கட்டாயம் பலன்தான். அதையும் எழுதுங்கள். ஒவ்வாமை நாயின் சிகிச்சையில் வீட்டாரின் தூக்கமும் சேர்த்தி, நாய் இரவெல்லாம் நக்கினால் பக்கத்தில் படுப்பவரும் விழித்திருக்கிறார். நாள்தோறும் எண் போடுவது மருந்து மாறும் சில வாரங்களுக்கு மட்டும். நிலைப்பட்ட நாய்க்கு மாதம் ஒரு முறை போதும், மற்ற நாளில் நாட்குறிப்பை மூடி வையுங்கள்.


மலைக்கோட்டை அம்மா
ஞாயிறு, இரவு 9.40

ஒவ்வாமைக்கான தடுப்பூசிச் சிகிச்சை, அதாவது ஒத்துக்கொள்ளாத பொருளையே சிறிது சிறிதாகக் கொடுத்து உடலைப் பழக்குவது, செய்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எவ்வளவு நாளில் தெரியும்?


கால்நடை மருத்துவர் (கோவை)
ஞாயிறு, இரவு 10.20

சில நாய்களுக்குச் சில மாதங்களில் தெரியும். ஆனால் ஓர் ஆண்டு கொடுத்துப் பார்க்காமல் பலிக்கவில்லை என்று முடிவு செய்யக்கூடாது. அந்த ஓராண்டில் மற்ற மருந்துகளும் ஓடுவதால், அரிப்பு எண் மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். எண் அப்படியே 3-இல் நிற்க, மாதம் முழுவதும் கொடுத்த மாத்திரை பாதியாகக் குறைந்திருந்தால் அது பெரிய வெற்றி. ஆகவே எத்தனை மாத்திரை செலவானது என்பதையும் மாதக் கடைசியில் எழுதி வையுங்கள்.


செவ்வந்தி வீடு
செவ்வாய், இரவு 8.50

இரத்தப் பூச்சு பார்த்தார்கள். பிளேட்லெட் உண்மையிலேயே குறைவுதான். எர்லிக்கியா பரிசோதனைக்கு இரத்தம் அனுப்பியிருக்கிறோம், வியாழக்கிழமை முடிவு வரும். அதுவரை மாத்திரையை நிறுத்தி வைக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். இரண்டு முறை ஷாம்பூ போட்டாயிற்று, பாதத்தில் வாடை குறைந்திருக்கிறது. மாத்திரை இல்லாத இந்த நாள்களில் அம்மா தினமும் எண் போடுகிறார். முடிவு வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.